மாதுளைத் தட்டில் திராட்சை

அந்த வீட்டில் ரகசியம் பேச முடியாது. பேசினால் தெருவையே கூட்டி உட்கார வைத்துப் பேசின மாதிரி ஆகிவிடும். வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் கல்குழியில் டிரில் பிடித்தவர். பாறையில் ஓட்டை போட்டுப் போட்டு, கடைசியில் அவர் காதில் எதுவும் நுழையாமல் அடைத்துப் போயிற்று. காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயும் டிரில்தான் ஓடுது" என்று கழற்றி இழுப்பறையில் போட்டவர்தான், பிறகு அதைத் தொடவே இல்லை.

ஆகையால் அவர் பெண்சாதியிடம் மிஞ்சியவை எல்லாம் கத்தக்கூடிய வார்த்தைகள். சோறு போடவா. தண்ணி வந்துடுச்சு. மழை வருது, துணியை எடுங்க. எட்டு வருஷமாக இந்த வார்த்தைகளை வைத்துத்தான் குடித்தனம். கத்த முடியாத வார்த்தைகளும் சில உண்டல்லவா? பயமா இருக்கு, இன்னிக்கு ஒருத்தர் என்னை இப்படிச் சொல்லிட்டாங்க, மனசு சரியில்ல. அவையெல்லாம் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மனசு சரியில்ல என்று மூன்று தடவை கத்திப் பாருங்கள். மூன்றாவது தடவைக்குள் மனசு போய்க் கோபம் வந்து உட்கார்ந்திருக்கும்.

அவர் மட்டும் நன்றாகப் பேசுவார். காது கேட்காதவருக்குக் குறுக்கே பேசுகிறவர்கள் இல்லையே. பேச்செல்லாம் கல்லைப் பற்றித்தான். குழிக்கு வந்துபோன பாறை ஆராய்ச்சிக்காரர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. பருப்பு கடைந்த கையோடு அவள் உட்கார்ந்தால், அவர் ஆரம்பிப்பார்.

"கார்னெட்டுன்னா ஒரு கல்லுன்னு நினைக்கிறாங்க. கிடையாது. அது ஒரு கட்டடம். கட்டடம் எப்பவும் ஒண்ணுதான், குடித்தனக்காரங்கதான் மாறுவாங்க. இரும்பு குடிவந்தா கருஞ்சிவப்பு. மக்னீசியம் வந்து இரும்போட பங்கு போட்டுக்கிட்டா ஊதாச் சிவப்பு. மாங்கனீசு வந்தா ஆரஞ்சு. சுண்ணாம்பு வந்தா தேன் கலரு."

"சாம்பார் ஊத்தவா?"

"ஆங்? மண்ணுதான். எல்லாம் முதல்ல வெறும் சேறு. ஆத்து அடியில படிஞ்ச சேறு. அது கீழ போய், மேல மலை ஏறி உக்காந்து, அமுக்கி, சூடேத்தி... அவசரமே கிடையாது. லட்சக்கணக்கான வருஷம். அப்புறம் அதுக்குள்ள கடுகு மாதிரி ஒரு புள்ளி. அது வளரும்போது சுத்தி இருக்கறதை முதல்ல தள்ளிப் பாக்கும். தள்ள முடியலைன்னா முழுங்கிடும். உடைச்சுப் பாத்தா உள்ள அப்படியே இருக்கும், முழுங்கினது எல்லாம்."

"குழம்புங்க! குழம்பு வேணுமா!"

அடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல் வரும். "வேணுமாம் அக்கா, ஊத்து!"

அடுத்த வீடு ரேடியோவுடையது. ரேடியோ என்பது பட்டப்பெயர். கல் பிரிக்கிற கூடத்தில் இவளுக்கு எதிர் நாற்காலியில் உட்காருகிறவள். காலை எட்டரைக்குப் பாட ஆரம்பித்தால் மூன்றரைக்குத்தான் நிற்கும் என்று கூடத்தில் வைத்த பெயர். இவளுக்கு அங்கே கழுகு என்று பெயர். முப்பத்தோரு வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்து, நிறம் பார்த்துக் கல்லைப் பிரித்தவள். வீட்டில் அவளுக்குப் பெயர் 'இந்தா'. கழுகு என்று கூப்பிடும்போதுதான் தான் யாரென்றே அவளுக்கு நினைவு வரும்.

கூடத்துக்கு வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். வெயில் நேரே விழாத வெளிச்சம் வேண்டும், விளக்கு ஆகாது. மேகம் கறுத்தால் வேலை நின்றுவிடும். வெள்ளைக் காகிதம் விரித்த மேசையில் கல்லைக் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். நாலு தட்டு. கருஞ்சிவப்புக்கு மாதுளை என்று பெயர். ஊதா ஓடினால் திராட்சை. மற்ற இரண்டும் தேனும் ஆரஞ்சும். பச்சை எப்போதோ ஒரு தடவை வந்தது. அதைப் பார்க்கச் சமையல்காரர் வரை எல்லோரும் வந்து நின்றார்கள். திராட்சைக்குத்தான் விலை கூட.

தேனையும் ஆரஞ்சையும் யாரும் பிரித்துவிடுவார்கள். மாதுளைக்கும் திராட்சைக்கும் நடுவில்தான் வம்பு. இரும்பும் மக்னீசியமும் எந்த அளவில் வேண்டுமானாலும் கலந்து குடியிருக்கும், நடுவில் சுவர் கிடையாது. இந்தக் கல் வரை சிவப்பு, அடுத்த கல்லிலிருந்து ஊதா என்று பூமி கோடு போட்டு வைக்கவில்லை. கோடு போடுவது கூடம். கூடத்தில் மூத்தவள் எந்தத் தட்டில் போடுகிறாளோ அதுதான் எல்லை. "கழுகு போட்டாச்சுல்ல? அப்ப அதுதான்" என்பார் மேற்பார்வை சார். அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டு வருஷமாகத் திராட்சைத் தட்டு இளைத்துக்கொண்டே வந்தது. கழுகுக்கு அது தெரிந்துதான் இருந்தது. காரணமும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். வீட்டில் கேட்டாள்.

"குழியில இப்ப வேற பக்கம் தோண்டறாங்களா?"

"ஆங்?"

"குழி! வேற பக்கமா தோண்டறாங்க?"

"ஆமா, மேக்கால போயிட்டாங்க. ஏன்?"

"திராட்சை கம்மி ஆயிடுச்சு! எல்லாம் மாதுளையா வருது!"

அவர் யோசித்துவிட்டு ஆமென்று தலையசைத்தார். "இரும்பு ஏறியிருக்கும். அந்தப் பக்கத்துச் சேத்துல இரும்பு ஜாஸ்தி. இரும்பு ஏறினா சிவப்பு ஏறும்."

அதோடு அவளுக்கு நிம்மதி. பூமிக்கு அடியில் சேறு மாறியிருக்கும் என்று தோன்றியதே தவிர, தன் கண்ணுக்குள் ஏதாவது மாறியிருக்கும் என்று தோன்றவில்லை. முப்பத்தோரு வருஷம் கல்லோடு இருந்தவளுக்குக் கல்லின் மேல்தானே சந்தேகம் வரும்.

ஒரு நாள் ரேடியோ இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள்.

"நீ சொல்றதுக்கெல்லாம் கோவிச்சிருந்தா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன். சொல்லு."

"ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாயேன். சும்மாத்தான். எங்க மாமியாருக்கு இப்படித்தான்..."

"உங்க மாமியாருக்குக் கண்ணு மட்டுமா கெட்டுது? நாக்கும்தான். அதுக்கு எங்கே காட்டினே?"

"விளையாடாத அக்கா."

"நான் விளையாடலடி. நீ பாவாடை கட்டத் தெரியாம திரிஞ்சப்போ இந்த மேசையில உக்காந்தவ நான். என் கண்ணுக்கு நீ வைத்தியம் சொல்றியா?"

"சரி, விடு. தெரியாம சொல்லிட்டேன்."

ரேடியோ உடனே வேறு நிலையத்துக்கு மாறினாள். தன் தங்கச்சி புருஷன் புது சைக்கிளை ஓட்டிக்கொண்டு நேராகச் சாக்கடைக்குள் போன கதை. கழுகு சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் தங்கிவிட்டது.

அதற்கப்புறம் பத்து நாள் கழித்து, டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போயிருந்தபோது, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டோமே என்று கழுகு திரும்பி வந்தாள். கதவருகிலேயே நின்றுவிட்டாள். ரேடியோ இவள் நாற்காலியில் உட்கார்ந்து, இவளுடைய மாதுளைத் தட்டிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துத் திராட்சைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். அவசரம் அவசரமாக. நடுநடுவே கதவைப் பார்த்துக்கொண்டு.

கழுகு சத்தம் போடாமல் திரும்பிப் போனாள். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தாள். பிறகு மேசைக்கு வந்து திராட்சைத் தட்டை இழுத்துப் பார்த்தாள். அதில் கிடந்தவற்றில் பாதி அவள் கண்ணுக்கு அப்பட்டமான மாதுளை. வேண்டுமென்றே அழுக்குப் பண்ணியிருக்கிறாள். முதலில் கண்ணு சரியில்லை என்று சொல்வது, பிறகு தட்டைக் கெடுப்பது, அப்புறம் நாற்காலியைப் பிடிப்பது. கழுகின் மனசு கடகடவென்று கணக்குப் போட்டுவிட்டது.

மூன்று நாள் பார்த்தாள். மூன்று நாளும் அதே. நாலாம் நாள் சாரிடம் போனாள்.

சார் ரேடியோவைக் கூப்பிட்டு, இரண்டு தட்டையும் முன்னால் வைத்துக் கேட்டார். "இவங்க தட்டுல நீங்க கை வச்சீங்களா?"

"வச்சேன் சார்."

"எதுக்கு?"

ரேடியோ கழுகைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று கழுகுக்குப் பிற்பாடு ரொம்ப நாள் நினைவிருந்தது. ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த வாய் அப்படி மூடி யாரும் பார்த்ததில்லை.

"சும்மா சார்."

"சும்மா யாராவது அடுத்தவங்க தட்டுல கை வைப்பாங்களா?"

"என் கை சும்மா இருக்காது சார். அதான்."

சார் நாலைந்து கல்லை ஜன்னலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் எல்லைக் கல்லாத்தான் படுது. இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம். கழுகம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

"மாதுளை சார். அத்தனையும் மாதுளை."

"அப்ப அதுதான்."

மறுநாளிலிருந்து ரேடியோவை மணல் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். நகைக்கு ஆகாத உடைசல் கல்லை எல்லாம் பொடியாக்கி, உப்புத்தாளுக்கும் இரும்பு அறுக்கவும் அனுப்புகிற இடம். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்க வேண்டும். நாலு இயந்திரம் தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவள் பேசினாலும் கேட்காது.

எதிர் நாற்காலி காலியாகக் கிடந்தது. கூடத்தில் மற்ற மேசைக்காரர்கள் இருந்தார்கள், ஆனால் கழுகிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை. இடுக்கி தட்டில் படுகிற 'டிக்' சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. மத்தியானம் சோற்றை ஜன்னல் பக்கம் திரும்பிச் சாப்பிட்டாள். முன்பெல்லாம் ரேடியோ கதை சொல்லிக்கொண்டே இவள் டப்பாவிலிருந்து முட்டையை எடுத்துக்கொள்வாள். இப்போது முட்டை முழுசாக இருந்தது; அதைத் தின்ன ஆளில்லாத மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அடுத்த வீட்டுக் குரல் நின்றுவிட்டது. "குழம்பு வேணுமா" என்று அவள் கத்தினால், கத்தல் தெருவில் போய்த் தனியாக நின்றுவிட்டு வந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு மாதத்தில் ஒரு பொட்டலம் திரும்பி வந்தது.

"வாங்கினவங்க திருப்பிட்டாங்க கழுகம்மா. மாதுளைப் பொட்டலத்துல பாதி திராட்சையாம். விலை கூடினதைக் குறைஞ்ச விலைக்குக் குடுத்திருக்கோம். நல்ல மனுஷங்க, சொல்லிட்டாங்க."

"அவ கை வச்ச சமயத்துல கட்டினதா இருக்கும் சார்."

"சீட்டுல தேதி அவங்க போனதுக்கு அப்புறம்னு இருக்கே."

"சீட்டு மாறியிருக்கும்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! சார் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கழுகுதான் போகவில்லை. அந்த இடத்திலேயே நின்றாள். ரேடியோ எடுத்தது மாதுளையிலிருந்து, போட்டது திராட்சையில். கெட்டிருந்தால் திராட்சைப் பொட்டலம்தானே கெட்டிருக்க வேண்டும்? மாதுளைப் பொட்டலம் எப்படிக் கெட்டது?

அன்று சாயங்காலம் பேருந்தின் எண் தெரியாமல் வேறு ஊர் வண்டியில் ஏறிப் பாதி வழியில் இறங்கி, மழையில் நடந்து வந்தாள். மறுநாள் உறவில் விசேஷம் என்று சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரெண்டு கண்ணிலும் புரை, நன்றாகப் பழுத்துவிட்டது, முதலில் வலது கண், அப்புறம் இடது என்றார்கள். கூட ஓர் ஆள் வர வேண்டும் என்றார்கள். யாரைக் கூட்டிப்போவது? வீட்டுக்காரரைத்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் அவரை உட்கார வைத்து விளக்கினாள். "அய்யா, இந்தச் சொட்டு மருந்து மூணு வேளை. தண்ணி படக்கூடாது. குனிய விடாதீங்க."

"ஆமா."

"இருமல் வந்தா உடனே சொல்லணும்."

"ஆமா ஆமா."

"அய்யா, நான் சொல்றது கேக்குதா?"

"ரொம்ப நன்றிம்மா. நீங்களும் சாப்பிடுங்க."

கட்டுப் போட்ட கண்ணோடு கழுகு கட்டிலிலிருந்து சொன்னாள். "என்கிட்டயே சொல்லுங்க சிஸ்டர். அவரு துணைக்கு வரல. நாற்காலிக்குக் கணக்குக் காட்ட வந்திருக்காரு."

கட்டைப் பிரித்த அன்று முதலில் தெரிந்தது நர்ஸின் சட்டைக் காலரில் ஓடின நீலக் கரை. நீலம் இவ்வளவு நீலமா! வீட்டுக்கு வந்தால், பழுப்பென்று நினைத்துத் துவைத்துத் துவைத்துச் சலித்த தலையணை உறை வெள்ளை வெளேரென்று கிடந்தது. வீட்டுக்காரரின் சாம்பல் சட்டை ஊதாவாக இருந்தது. இரண்டு வருஷம் அவர் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். வலது கண்ணை மூடினாள், சாம்பல். திறந்தாள், ஊதா. அப்போதே இளைத்துப்போன திராட்சைத் தட்டு நினைவுக்கு வந்தது. ஆனாலும் கல்லைப் பார்க்கும் வரை நம்பக் கூடாதென்று இருந்தாள்.

பதினைந்து நாள் கழித்து வேலைக்குப் போனாள். மழை ஓய்ந்து, வடக்கு வெளிச்சம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அவள் பிரித்து வைத்த மாதுளைத் தட்டு மூடியோடு அப்படியே இருந்தது. மூடியை எடுத்தாள்.

பாதி திராட்சை.

எல்லைக் கல் இல்லை, சந்தேகம் இல்லை; ஊதா ஊறி நிற்கிற திராட்சை. சின்னக் குழந்தைகூடப் பிரித்துவிடும். வலது கண்ணைக் கையால் மூடினாள். ஊதா வடிந்து, அத்தனையும் ஒரே சிவப்பாகப் பழுப்பேறி நின்றன. கையை எடுத்தாள். ஊதா திரும்ப வந்தது. மூடினாள். திறந்தாள். பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, கண்ணடிக்கிறீங்க? யாருக்கு?" என்றாள். கழுகு பார்த்துக்கொண்டிருந்தது கல்லை இல்லை. டீ நேரத்தில் கதவைப் பார்த்துப் பார்த்துக்கொண்டு, அவள் போட்ட தப்பை ஒவ்வொன்றாகச் சரியான தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்த கையை. மாற்றினது தெரிந்தால் கழுகுக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்துவிடும். தெரிந்தால் நாற்காலி போய்விடும். அதற்காகச் 'சும்மா சார்' என்ற வாயை.

அன்று அவள் அந்தத் தட்டை மளமளவென்று பிரித்தாள். சாயங்காலம் சார் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, திராட்சை திரும்ப வர ஆரம்பிச்சிடுச்சு. குழியைக் கிழக்கால திருப்பிட்டாங்களோ என்னமோ!" என்று சந்தோஷப்பட்டார். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. பேசாமல் இருந்தால் நாற்காலி அவளுடையது, கழுகு என்ற பெயர் அவளுடையது. பேசினால் இரண்டும் போய்விடும், வீட்டில் இருக்கிற 'இந்தா' மட்டும்தான் மிஞ்சும்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்தாள். பொழுது இன்னும் சாயவில்லை. தெருவில் நடமாட்டம் இருந்தது. வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணு வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன் இப்படி இருக்க?"

சொன்னாள். மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல. அவர் உதட்டைப் பார்த்தார். பிடிபடவில்லை. "ஆங்?"

கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"யாரு? ரேடியோவா? அவளுக்கு என்ன?"

ஜன்னல் திறந்திருந்தது. அடுத்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். அவ்வளவு நாகரிகம் அவருக்கு உண்டு.

"சாத்தாதீங்க!" என்று கத்தினாள். பிறகு எல்லாவற்றையும் கத்தினாள். "எனக்குக் கண்ணு தெரியல! ரெண்டு வருஷமா தெரியல! திராட்சையை எல்லாம் மாதுளையில போட்டுட்டு இருந்தேன்! அவ எடுத்து எடுத்துச் சரி பண்ணினா! நான் போய் சார்கிட்டச் சொல்லிக் குடுத்துட்டேன்! அவ கெடுக்கறான்னு சொன்னேன்! அவ வாயைத் திறக்கல! என்னைக் காட்டிக் குடுக்கல!"

தெருவில் நடமாட்டம் நின்றது. பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவர் ஜன்னலை விட்டுவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் குழம்பையும் கல்லையும் தவிர அவள் சொன்ன முதல் விஷயம்.

"நான்தான் சொன்னேன்," என்றார் அவர். "இரும்பு ஏறியிருக்கும்னு. நான்தான் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். அவரே போய் அடுப்பை மூட்டினார்.

காலையில் கழுகு முதலில் சாரிடம் போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

"இதை ஏன் இப்ப வந்து சொல்றீங்க? கண்ணு சரியாயிடுச்சு, வேலை சரியா போகுது. யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல சார்."

"அப்புறம் என்ன? திரும்பி வந்த பொட்டலம் ஒண்ணு, அதுவும் முடிஞ்சது. நான் மேல எழுதினா உங்களை உக்கார வைக்க முடியாதும்மா. இன்னொரு கண்ணு இருக்கே."

"தெரியும் சார். அவளை மேல கூப்பிடுங்க. நான் கீழ போறேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் எந்த முகத்தோட சொல்றது?"

மணல் கொட்டகைக்கு அவள் போனபோது சாப்பாட்டு நேரம், இயந்திரம் நின்றிருந்தது. சிவப்பு மணல் குவியல் குவியலாக ஈரத்தோடு கிடந்தது. ரேடியோ ஒரு குவியலின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். தலைமுடியில் பாதி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? விரல் நுனியெல்லாம் மணல் அறுத்து வெடித்திருந்தது. புதுக்கண்ணுக்கு எல்லாமே இரக்கமில்லாமல் தெரிந்தது.

"சார் உன்னை மேல வரச் சொன்னாரு," என்றாள் கழுகு.

"நேத்து கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"நான் கேட்டேன், தெரு கேட்டுது, பேருந்து நிறுத்தத்துல நின்னவங்க எல்லாம் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு 'யாருக்கோ கல்யாணம் மாதிரி மைக் போட்டிருக்காங்க'ன்னாரு." ரேடியோ சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிட்ட. எனக்குச் சொன்னியா?"

கழுகு உட்கார்ந்தாள். கத்துவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல காது உள்ளவளிடம், தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டியிருந்தது. "தப்புப் பண்ணிட்டேன்டி" என்று சொல்வதற்குள் மூன்று பிடி மணலை அள்ளி அள்ளிக் கொட்டிவிட்டாள்.

"உனக்குக் கண்ணு தெரியலை. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"அதான். எனக்கு நிஜமாவே மாதுளையாத்தான் தெரிஞ்சுது. இந்தக் கண்ணைக் கேட்டா இன்னும் நீதான் தப்புன்னு சொல்லும்." இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"கண்ணை விடு அக்கா. நான் கண்ணுக்குக் கோவிக்கல." ரேடியோ ரொட்டியைக் கீழே வைத்தாள். "கதவுகிட்ட நின்னு பாத்தியே. எனக்குத் தெரியும், உன் செருப்பு சத்தம் கேட்டுது. மூணு நாள் பாத்த. உள்ள வந்து, 'என்னடி பண்ற'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பதினெட்டு வருஷம் எதிர்ல உக்காந்து வாய் வலிக்கப் பேசினேனே. அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீயும் நானும் மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு இருந்திருப்போம். நீ கேக்கல."

கண் டாக்டரிடம் அதற்கு மருந்து இல்லை.

"மேல வா," என்றாள் கழுகு.

"வரல. இங்க பேச வேண்டியதில்ல. முதல்ல பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்துது. இப்ப பழகிடுச்சு. பேசாம இருக்கறதும் ஒரு சுகமாத்தான் இருக்கு."

அந்த வார்த்தைதான் கழுகை அறுத்தது. இயந்திரம் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. ரேடியோ எழுந்து போய்விட்டாள்.

மேலே இரண்டு நாற்காலியும் காலியாகக் கிடக்க, இரண்டு பேரும் கீழே மணல் அலசினார்கள். சார் தலையில் அடித்துக்கொண்டார். கழுகுக்குக் கொடுத்தது ஓரத்து இயந்திரம். சாய்வான பெரிய பலகை ஆடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஓடும், கனமான சிவப்பு மணல் ஒரு பக்கமும் லேசான வெள்ளை மணல் மறுபக்கமும் தானாகப் பிரிந்து போகும். கண்ணுக்கு வேலையே இல்லை. முதல் நாள் முழங்கால் வரை மரத்துப் போயிற்று. ரெண்டாம் நாள் விரல் வெடித்தது. ரேடியோ இரண்டு இயந்திரம் தள்ளி நின்றாள். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் வீட்டுக்காரர் அவள் காலைப் பார்த்துவிட்டு வெந்நீர் வைத்தார். அடுத்த வீட்டில் சத்தமில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் கழுகு நிமிர்ந்தபோது, ரேடியோ ஒரு வாளியில் தன் பலகையின் அடியிலிருந்து நல்ல சிவப்பு மணலை அள்ளி, அதைக் கொண்டுபோய்த் திரும்பவும் மேலே, அலசாத மணலோடு கொட்டுவதைப் பார்த்தாள். ஒரு வாளி. இன்னொரு வாளி. பிரிந்து வந்ததை எடுத்துப் பிரியாததோடு கலக்கிறாள். கழுகின் மனசு பழைய பழக்கத்தில் கடகடவென்று ஓடத் தொடங்கியது. வேணுமென்றே பண்ணுகிறாள், கோபத்தில் பண்ணுகிறாள், சார் பார்த்தால்... ஓடின மனசைப் பிடித்து நிறுத்தினாள்.

சல்லடையைக் கீழே வைத்தாள். தண்ணீருக்குள் சளப் சளப்பென்று நடந்து போய் ரேடியோவின் பக்கத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்டாள்.

"என்னடி பண்ற?"

ரேடியோ வாளியோடு அப்படியே நின்றாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாளியை இறக்கி வைத்து, பலகையைக் காட்டி, சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு ஓடுகிற கலங்கல் வரியைக் காட்டி, ஏதோ சொன்னாள். நடுவில் வருவது ரெண்டுங்கெட்டான், மேலே சிவப்பாத் தெரியும், உள்ளே வெள்ளை இருக்கும், திரும்ப மேலே ஊத்தி இன்னொரு தடவை ஓட விடணும் என்கிற மாதிரி கை சொன்னது. கழுகுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "ஆங்?" என்றாள். ரேடியோ மறுபடி சொன்னாள். கழுகு தலையாட்டினாள். விஷயம் அதோடு முடிந்துவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் ரேடியோ போகவில்லை. தண்ணீரில் நின்றபடி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பலகையையும் மணலையும் கூரையையும் காட்டிக் காட்டி, அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.